கோலாலம்பூருக்குத் தடையில்லை

சூலக்கரையில் பெரிய அலுவலகங்கள் இருக்கிற வளாகத்துக்கு வெளியே, ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, வாடகைக் கட்டடம் ஒன்றில் அட்டைப்பெட்டி மற்றும் உறைகள் தர மேம்பாட்டு மாவட்ட அலுவலகம் நடந்துவந்தது. பட்டாசு அடைக்கிற பெட்டியும் அதன்மேல் ஒட்டுகிற படமும் தரமாக இருக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஒரு காலத்தில் தோன்றியிருக்கிறது. தோன்றி, ஆணை போட்டு, ஆள் எடுத்து, நாற்காலி வாங்கி முடிப்பதற்குள் சிவகாசிக்காரர்கள் தாங்களாகவே பெட்டியைத் தரமாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அதற்காகத் திறந்த அலுவலகத்தை மூடிவிட முடியுமா? உங்கள் பெட்டி தரமாக இருக்கிறதா என்று கேட்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிவகாசி, நாரணாபுரம், சாத்தூர் என்று எல்லாக் கம்பெனிக்கும் கடிதம் போகும். இருக்கிறது என்று பதில் வரும். பதில் வராத இடத்துக்கு நினைவூட்டு போகும். அதற்கும் பதில் இல்லையென்றால் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். மூடுவதற்கு முன்னால் பெட்டி தரமாக இருந்ததா என்று கேட்டு அதே விலாசத்துக்கு வேறொரு கடிதம் போகும்.

வந்து சேருகிற பதில்களைக் கோப்பில் கோத்து, சிவப்பு மசியில் பக்க எண் போடுவது உதவியாளர் நைனா முகம்மதுவின் வேலை. இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்துவந்தார். அண்ணன் தம்பிகள் நாலு பேரும் விருதுநகர் பஜாரில் ஜவுளி, மல்லி, வத்தல் என்று ஆளுக்கொரு யாவாரத்தில் இருக்க, குடும்பத்தில் பரீட்சை எழுதி அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர் அவர் ஒருத்தர்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் அவருக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்துவந்தது.

ஒரே மகள் ஹாஃபிஸாவைக் கோலாலம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை தவுபிக் அங்கே மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், ஹாஃபிஸாவுக்கு ஐந்து மாதம் முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு அழைத்துவருவதாகப் பேச்சு. ஏப்ரல் கடைசியில் மாப்பிள்ளை போன் பண்ணி, ரத்தக்கொதிப்பு இருக்கிறது, விமானத்தில் ஏற்றக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். மகள் போனை வாங்கி அழுதாள்.

நைனாவின் மனைவி அக்தர் பேகம் அழவில்லை. போனை வைத்ததும் புருஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அவளால இங்கன வர முடியலேன்னா நாம அங்கன போவோம். பிள்ளை பெக்கிற வீட்டுல தாய் இருக்கணும், அம்புட்டுதான். எப்படிப் போறதுன்னு நீங்க பாருங்க. ஒங்களுக்குத்தான் எழுத்து வேலையெல்லாம் தெரியுமே."

நைனாவுக்கு மலைப்பாக இருந்தது. அவர்கள் போன தூரம் நாகூர் வரைக்கும்தான். ஆனால் மாப்பிள்ளை விஷயம் தெரிந்தவர். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு மலிவு விமானம் ஒன்று விட்டிருக்கிறார்கள், மூன்று மாதம் முன்னாடியே பதிந்துகொண்டால் பஸ் டிக்கெட் போலக் கிடைக்கும், சாப்பாடு தர மாட்டார்கள், தேதியை மாற்ற முடியாது, போகாவிட்டால் பணம் திரும்பாது என்று விளக்கிச் சொல்லி, அங்கிருந்தபடியே இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார். ஆகஸ்ட் இரண்டாம் தேதி புறப்பாடு. ஒரு மாதம் கழித்துத் திரும்புவது. ஹஜ்ஜுக்கு என்று எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் இரண்டும் பீரோவில் இருந்தன.

நைனா இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் நாலு பக்கத்துக்குப் பயணத் திட்டம் எழுதினார். விருதுநகரிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து திருச்சி, அரசு பஸ். வழிச் சாப்பாடு எலுமிச்சம்பழச் சாதம். அந்த ஊரில் இறங்கியதும் டவுனுக்குப் பஸ், டவுனிலிருந்து செந்தூலுக்கு ரயில். தங்குமிடம் மகள் வீடு. உணவு மகள் வீடு. இரட்டைக் கோபுரம், வெளியே நின்று பார்ப்பது, கட்டணம் இல்லை. மேலே ஏறுவது, அவசியமில்லை. எழுதி முடித்துப் பார்த்தபோது, போன மாதம் அவருடைய அண்ணன் கல்யாணச் சேலை எடுக்கக் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்வந்ததைவிடக் குறைவாகத்தான் ஆகும்போலத் தெரிந்தது. அவருக்கே அதில் ஒரு பெருமை உண்டாயிற்று. தடையின்மைச் சான்று கேட்டு மனு எழுதி, திட்டத்தை இணைப்பாக வைத்து, மே மாதம் நாலாம் தேதி கண்காணிப்பாளர் ரத்தினசாமியின் மேஜையில் வைத்தார்.

அரசு ஊழியர் அயல்நாடு போக மேலதிகாரியின் தடையின்மைச் சான்று வேண்டும். அந்த அலுவலகத்தில் அதற்கென்று ஒரு படிவம் இருந்தது. அதை அதுவரை நிரப்பியவர் மாவட்ட அதிகாரி வெள்ளைத்துரை ஒருவர்தான். ஆகையால் படிவத்தின் கட்டங்கள் வெள்ளைத்துரையின் அளவுக்குத் தைத்த சட்டைபோல இருந்தன.

பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் மருத்துவம், புனிதப் பயணம், இன்பச் சுற்றுலா என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். நைனா மருத்துவத்தைக் குறித்து, பக்கத்தில் பிரசவம் என்று எழுதியிருந்தார். விண்ணப்பதாரர் கருவுற்றிருப்பதற்கான மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை என்று ரத்தினசாமி மனுவைத் திருப்பினார். பிரசவம் விண்ணப்பதாரருக்கு அல்ல, மகளுக்கு என்று நைனா விளக்கம் எழுதினார். எனில் விண்ணப்பதாரர் ஏன் செல்ல வேண்டும் என்று குறிப்பு வந்தது. பேரக்குழந்தையைப் பார்ப்பதற்கு என்று நைனா எழுதிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மின்விசிறிதான் இருந்தது. ஆனாலும் இந்தக் கடிதங்களெல்லாம் தபால் பிரிவுக்குப் போய், முத்திரை வாங்கி, மூன்று நாள் கழித்தே அடுத்த மேஜைக்கு வந்தன. ரத்தினசாமி நல்ல மனுஷர். மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது மகளுக்கு எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரிப்பார். இலையை மடித்ததும் அவருக்கு மறுபடி சந்தேகம் வந்துவிடும்.

தங்கும் விடுதியின் பெயரும் நட்சத்திரத் தகுதியும் என்ற கட்டத்தில் நைனா மகள் வீடு என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு வீடு இருப்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். தவுபிக் வீட்டுக் கரண்டு பில்லை பேக்ஸில் அனுப்பினார். அது மலாய் மொழியில் இருந்தது. தமிழாக்கம் கேட்டார்கள். பினாங்கில் பத்து வருஷம் பரோட்டா போட்டுவிட்டு வந்த ஒருவர் விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்தார். அவர் கல் சூடாகும் நேரத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். பரோட்டா மாஸ்டரின் கையெழுத்து செல்லாது, பதிவு பெற்ற அதிகாரி சரிபார்க்க வேண்டும் என்றார்கள். மலாயில் ஒரு எழுத்துகூடத் தெரியாத வெள்ளைத்துரை அதை வாங்கி, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன் என்று எழுதிப் பச்சை மசியில் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு காரியம் மட்டும் ஒரே நாளில் முடிந்தது.

இதற்குள் ஜூன் பிறந்துவிட்டது. சிவகாசியில் தீபாவளி ஆர்டருக்காக இரவு பகலாகப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி லாரியாக லோடு போயிற்று. அந்தப் பெட்டிகளின் தரத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தில் எல்லாரும் நைனாவின் பயணத் திட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். மேஜை மேஜையாகக் கைமாறிய அதன்மேல் டீக் கறைகூட ஏறியிருந்தது. ஒருநாள் வெள்ளைத்துரை அவரை உள்ளே கூப்பிட்டார். திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

"இதென்ன பாய், இம்புட்டுக் கம்மியா வருது?"

தேதி முன்கூட்டிப் போட்டதால் டிக்கெட் மலிவு, தங்கச் செலவில்லை என்று நைனா பணிவாகச் சொன்னார்.

"சிக்கனம் நல்ல விஷயம் பாய். நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா சிக்கனம்ங்கிறது மேல இருந்து கீழ வரணும். கீழ இருந்து மேல வந்தா அதுக்குப் பேரு வேற. ரெண்டு வருஷம் முந்தி நான் சிங்கப்பூர்ல பெட்டி பாக்கப் போனேன். ஏழு நாள் பாத்தேன். அங்கயும் பெட்டி ஆறு பக்கமும் மூடித்தான் இருந்துச்சு. அதைப் பாத்துட்டு வர எம்புட்டு ஆச்சுன்னு பைல்ல இருக்கு, நீங்கதான் நம்பர் போட்டீக. இப்ப அதுக்குப் பக்கத்து ஊருக்கு நீங்க இம்புட்டுல போயிட்டு வந்துட்டா, ஆடிட்ல என்னைய என்னன்னு நினைப்பாக?"

"சார், நான் பெட்டி பாக்கப் போகல சார். பேரப்பிள்ளையப் பாக்கப் போறேன்."

"அதான் சொல்றேன். ஒரு வேலையும் இல்லாமப் போற ஆளுக்கே இம்புட்டுதான் ஆகும்னா, வேலையாப் போன எனக்கு ஏன் அம்புட்டு ஆச்சுன்னு கேப்பாகளா, மாட்டாகளா? நீங்களே சொல்லுங்க."

 நைனாவுக்கு ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டது போலவே இருந்தது. திட்டத்தைக் கௌரவமாகத் திருத்தி எழுதிக் கொண்டுவரச் சொன்னார் அதிகாரி. ஒரு நல்ல ஓட்டல், வாடகைக் கார், மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு, கோபுரத்தில் மேலே ஏறுவது. நைனா வீட்டுக்குப் போய், வாழ்க்கையில் தங்காத ஓட்டலையும் ஏறாத காரையும் கற்பனை செய்து எழுதினார்.  மறுநாள் அதைக் கொடுத்ததும் ரத்தினசாமி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இந்தச் சம்பளத்தில் இவ்வளவு ஆடம்பரமாக வெளிநாடு போக விண்ணப்பதாரருக்கு வருமானம் எங்கிருந்து வந்தது என்று கண்டறிய வேண்டியிருக்கிறது என்று குறிப்பு எழுதினார். மதியம் சாப்பிடும்போது, தப்பா நினைக்கக் கூடாது என்று சொல்லி ஒரு வாழைக்காய் பஜ்ஜியை எடுத்து நைனாவின் இலையில் வைத்தார்.

ஆகவே கோப்பில் இப்போது இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்றின்படி போனால் அதிகாரிக்கு அவமானம். மற்றதன்படி போனால் நைனாவின்மேல் விசாரணை. எதை ஏற்பது என்று தெளிவுரை கேட்டு ஜூன் இருபதாம் தேதி கோப்பு சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று.

சென்னையில் அந்த நேரம் பார்த்து எல்லா அலுவலகமும் சிக்கனத்துக்கு யோசனை சொல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். நைனாவின் முதல் திட்டம் அவர்களுக்கு வானத்திலிருந்து விழுந்தது போல இருந்தது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. விருதுநகர் மாவட்ட அலுவலகம் உருவாக்கியுள்ள சிக்கன அயல்நாட்டுப் பயணத் திட்டம் பாராட்டுக்குரியது என்றும், அதைத் துறை முழுவதற்கும் விரிவுபடுத்துமுன் நடைமுறையில் சாத்தியமா என்று நேரில் சென்று ஆய்வு செய்ய ஆறு பேர் கொண்ட குழு அமைக்கப்படுகிறது என்றும் அதில் இருந்தது. குழுவின் தலைவர் வெள்ளைத்துரை. உறுப்பினர்கள் ரத்தினசாமி, தலைமை அலுவலகத்தில் இரண்டு பேர், கணக்கு அதிகாரி ஒருவர். ஆறாவது ஆள் ஜீப் டிரைவர் தங்கச்சாமி. கோலாலம்பூரில் ஜீப் இருக்காதே என்று தங்கச்சாமியே கேட்டார். அதிகாரி முகாம் போகும்போது டிரைவர் உடன் செல்ல வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது, ஜீப்பும் செல்ல வேண்டும் என்று விதியில் இல்லை என்று ரத்தினசாமி விளக்கினார்.

விண்ணப்பதாரரின் கோரிக்கையைப் பொறுத்தவரை, குழுவின் அறிக்கை வந்தபின் பரிசீலிக்கப்படும் என்று கடைசி வரியில் இருந்தது.

ஆறு பேருக்கும் தடையின்மைச் சான்றும், பாஸ்போர்ட்டும், விசாவும், பயணப்படியும் பதினோரு நாளில் முடிந்தன. எல்லாவற்றையும் டைப் அடித்தவர் நைனா. சிக்கனத் திட்டத்தை மலிவு விமானத்தில் போய்ச் சோதிப்பதா என்று ஒரு கேள்வி எழுந்தது. குழு பாதுகாப்பாகப் போய்ச் சேர்ந்தால்தான் சோதனையே நடக்கும் என்று முடிவாகி, சிங்கப்பூர் வழியாகப் போகும் நல்ல விமானத்தில் ஆகஸ்ட் கடைசி வாரம் இடம் பதிந்தார்கள்.

ஜூலை கடைசிவரை நைனா தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்தர் பேகம் பிரசவ மருந்துக்குச் சுக்கும் சித்தரத்தையும் இடித்து டப்பாவில் அடைத்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். புறப்பாட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது டப்பாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"நான் போறதுக்கு எந்த ஆபீஸ்ல கேக்கணும்?"

"ஒனக்கு எதுக்கு? நீ உத்தியோகத்துல இல்லையே."

"அப்ப எனக்குத் தடை இல்லை."

"தனியாவா?"

"நீங்க கூட வந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா அவளுக்கு வலி வரும்போது ஒங்க ஆபீஸ் கடிதாசிய வச்சு நான் என்ன செய்ய?"

சான்று இல்லாமல் தானும் போய்விட்டால் என்ன என்று நைனா அன்று யோசித்துப் பார்த்தார். தற்காலிகப் பணிநீக்கம் என்ற வார்த்தையை அவர் எத்தனையோ பேருக்கு டைப் அடித்திருக்கிறார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்தான் இருந்தது. யோசித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்றார். அக்தர் பேகம் நார்த்தங்காய் ஊறுகாயும் மருந்தும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரிசையில் முன்னால் நின்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து அதேபோலச் செய்தார். ஒரு இடத்தில் அதிகாரி ஏதோ கேட்டார். அக்தர் பேகம் கையைத் தொட்டில்போல வைத்துக் காட்டினார். அந்த அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தி விட்டுவிட்டார். ஒரு கையசைப்பில் முடிந்துவிட்ட அந்த விஷயத்தைப் பார்த்துக்கொண்டு நைனா வெகுநேரம் அங்கேயே நின்றார். அவருடைய டிக்கெட்டுக்கான இடம் காலியாகவே பறந்து போயிற்று.

ஆகஸ்ட் பத்தாம் தேதி பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம் என்று போன் வந்தது. சாபிர் என்று பெயர் வைத்தார்கள். பொறுமையுள்ளவன் என்று அர்த்தம். அக்தர் பேகம்தான் தேர்ந்தெடுத்தார். படம் எடுத்து அனுப்பச் சொல்லி நைனா கேட்டார். நாற்பது நாள் கழிவதற்குள் பச்சைப்பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்று அக்தர் பேகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஜாரில் தம்பிமார் கடைகளுக்கெல்லாம் நைனா மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பிள்ளை யார் ஜாடை என்று அவர்கள் கேட்டபோது தெரியவில்லை என்றார்.

நோன்பு தொடங்கி மூன்றாம் நாள் அக்தர் பேகத்திடமிருந்து போன். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஏங்க, ஒங்க ஆபீஸ்ல இருந்து ஆறு பேரு வந்திருக்காக."

"வீட்டுக்கா? சும்மா பாத்துட்டுப் போகவா?"

"பெட்டியோட வந்திருக்காக. ஒங்க திட்டத்துல தங்குற இடம் மகள் வீடுன்னு போட்டிருக்காம். அதைச் சோதிக்கணுமாம். அஞ்சு நாளு."

 செந்தூலில் அந்த வீடு மூன்றாம் மாடியில் ஒரு கூடமும் ஒரு அறையும்தான். பிரசவித்த பெண்ணும் பிள்ளையும் அறையில். கூடத்தில் ஆறு பேர். தவுபிக் பாயைச் சுருட்டிக்கொண்டு கடையில் படுக்கப் போய்விட்டார். குழுவுக்கு ஓட்டலிலும் அறை போட்டிருந்தது. ஆனால் ஓட்டலில் தங்கினால் ஆய்வு நடக்காது. ஆய்வு நடக்காவிட்டால் ஓட்டலுக்குப் பணம் வாங்க முடியாது. எனவே அறைகள் அங்கே இருந்தன, அவர்கள் இங்கே இருந்தார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் நடந்ததெல்லாம் துண்டுதுண்டாகப் போனில் வந்தது. உணவு, மகள் வீடு என்ற இனத்தையும் அவர்கள் விடாமல் ஆய்வு செய்தார்கள். நோன்பு வைத்துக்கொண்டே அக்தர் பேகம் காலையில் இட்லியும் மதியம் சோறும் ஆக்கிப்போட்டார். சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்தில், கஞ்சியும் வடையும் திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஆய்வுக்கு உட்பட்டவையே என்று சொல்லி ஆறு பேரும் கிண்ணத்தோடு உட்கார்ந்தார்கள். ரத்தினசாமி டேப் வைத்துக் கூடத்தை அளந்தார். பிள்ளை ராத்திரி எத்தனை தடவை அழுகிறது என்று கணக்கு அதிகாரி குறித்துவைத்தார். எல்லாரும் ரயிலில் இரட்டைக் கோபுரத்துக்குப் போய், வெளியே நின்று பார்த்து, கட்டணம் இல்லை என்பதை உறுதி செய்துவிட்டு வந்தார்கள். தங்கச்சாமி ஒருவர்தான் இரண்டாம் நாளே வெங்காயம் உரித்துக் கொடுக்க ஆரம்பித்தார், பாத்திரமும் கழுவினார்.

நாலாம் நாள் அக்தர் பேகம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெள்ளைத்துரையிடமே கேட்டிருக்கிறார். "ஆறு பேரு வர முடியுற ஊருக்கு எங்க வீட்டுக்காரரு ஒருத்தரை ஏன் விடல?"

வெள்ளைத்துரை மனம் வருந்திச் சொன்னாராம்: "அவரு கிளம்பி வந்திருந்தா இந்த ஆய்வுக் கோப்பை யாரும்மா தயார் பண்ணியிருப்பா? ஒரு விஷயம் சொல்றேன், எங்க ஆபீஸ்ல வேலை தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தருதான்."

செப்டம்பர் முதல் தேதி குழுவுக்கு அலுவலகத்தில் வரவேற்புக் கூட்டம் நடந்தது. நாற்காலி போட்டு மாலை வாங்கி வந்தவர் நைனா. வெள்ளைத்துரை அரை மணி நேரம் பேசினார். பயணம் கடினமாக இருந்தது என்றும், இடவசதி குறைவு என்றும், அதிகாரிகள் தரையில் படுக்க நேர்ந்தது என்றும், இருந்தாலும் நாட்டின் சிக்கனத்துக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம் என்றும் சொன்னபோது அவருடைய குரல் தழுதழுத்தது. ரத்தினசாமி கண்ணாடியைத் துடைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நைனாவும் தட்டினார்.

அன்று பிற்பகல் அறிக்கையும் அதன்மேல் பிறப்பித்த ஆணையும் அவருடைய மேஜைக்கு வந்தன. ஆணையை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு அவரே கோப்பில் சேர்த்து எண் போட வேண்டும். நின்றுகொண்டே படித்தார்.

திட்டம் நடைமுறைக்கு ஏற்றதே. ஆயினும் ஒவ்வொரு ஊழியருக்கும் கோலாலம்பூரில் மகள் இருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது என்பதால் துறை முழுவதற்கும் விரிவுபடுத்தப் பரிந்துரைக்கவில்லை. விண்ணப்பதாரரின் கோரிக்கையைப் பொறுத்தவரை, பயணத்தின் நோக்கம் பேரக்குழந்தையைப் பார்ப்பது என அவரே எழுத்துமூலம் தெரிவித்துள்ளார். மேற்படி குழந்தை குழுவால் நேரில் பார்க்கப்பட்டுவிட்டது. நலமாக உள்ளது. எடை மூன்று கிலோ நானூறு கிராம். மூக்கு விண்ணப்பதாரரின் மூக்கை ஒத்துள்ளது. நோக்கம் நிறைவேறிவிட்டதால் விண்ணப்பதாரர் செல்ல வேண்டிய தேவை எழவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது. இதே நோக்கத்துக்காக மீண்டும் விண்ணப்பிக்க இயலாது. ஆதாரம், இணைப்பு ஐந்து.

நைனா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு இணைப்பு ஐந்தைத் திருப்பினார்.

அது ஒரு வண்ணப் புகைப்படம். படமில்லாமல் அறிக்கை செல்லாது என்று சொல்லி அக்தர் பேகத்தின் தடையை மீறி எடுத்திருக்கிறார்கள். தவுபிக் வீட்டுக் கூடத்தில் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளைத்துரை. அவர் மடியில், இரண்டு கைக்கும் நடுவே, வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளை. கண்ணைத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு விஷயத்தில் அறிக்கை பொய் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. ரத்தினசாமியிடம் போய், இந்தப் படத்தை மட்டும் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ரத்தினசாமி உண்மையாகவே சங்கடப்பட்டார். அது அரசு ஆவணம், வேண்டுமானால் நகல் கேட்டு மனுப் போடலாம், ஆனால் மனுவில் நோக்கம் எழுத வேண்டியிருக்கும், அதே நோக்கத்துக்காக மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று இப்போதுதான் ஆணை போட்டிருக்கிறோமே என்றார்.

நைனா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். எல்லாரும் கூட்டத்தில் மிஞ்சிய கேசரியைத் தேடிப் போயிருந்தார்கள். கோப்புக் கட்டுகிற நூலை வெட்டும் கத்தரிக்கோல் மேஜையில் இருந்தது. எடுத்தார். பிள்ளையின் தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி, வெள்ளைத் துணியின் ஓரத்தை ஒட்டி நிதானமாக வெட்டினார்.  வெட்டியதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீதியை வெள்ளைத்தாளில் ஒட்டி, சிவப்பு மசியில் எழுபத்து மூன்று என்று எண் போட்டு, கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த தை மாதம் சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்த இணை இயக்குநர் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். எழுபத்து மூன்றாம் பக்கத்தில் கொஞ்சம் நிறுத்தினார். குழுவினர் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் வெள்ளைத்துரை பெருமையோடு சிரித்தபடி இரண்டு கையாலும் ஒரு ஓட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நைனா கையைச் சட்டைப் பைமேல் வைத்துக்கொண்டார். இணை இயக்குநர் ஒவ்வொரு முகமாக விரல் வைத்து எண்ணினார்.

"ஆறு பேரும் இருக்காங்க, சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.